தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போகிற மகனுக்கு

மகனே, நேற்று உன் மாமனார் மயிலம் போகிற வழியில் இங்கே இறங்கி, ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு, உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். ஆலையில் பஞ்சுப் பொதி தூக்கப்போய் உன் வலது தோள் இறுகிவிட்டது என்றும், சட்டையைக்கூட மருமகள்தான் மாட்டிவிடுகிறாள் என்றும், பாண்டியில் மாலிஷ் செய்கிற ஒருவரிடம் போகச் சொல்லி ஆலையில் எல்லாரும் சொல்லியும் நீ தட்டிக்கழித்துக்கொண்டே இருக்கிறாய் என்றும் சொன்னார். "இன்னாத்துக்குப் போவலன்னு கேட்டா, சட்டைய கழட்டிட்டு எவன் முன்னாடியோ போயி படுக்கறதான்னு கேக்கறாருங்க" என்றார். உன் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரித்தது உன்னை நினைத்து அல்ல, என்னை நினைத்து. ஏறக்குறைய இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் அவளிடம் சொன்னேன். அதனால்தான் இன்றைக்கு மத்தியான ரயிலுக்குச் சவாரி பிடிக்கப் போகாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அங்கே போனால் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் உனக்கு இந்தக் கூச்சம். என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன். அதற்குமேல் போவதும் போகாததும் உன் இஷ்டம்.

எனக்குத் தோள் பிடித்துக்கொண்ட கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உனக்கு அப்போது பால்பல் விழாத வயது. திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிப் பிழைக்க ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஓர் ஐப்பசி மழையில், கூட்டேரிப்பட்டுக்கு ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனேன். ஊருக்குள் திரும்புகிற இடத்தில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. பட்டுப்புடவை கட்டியவர்களை இறங்கச் சொல்ல மனம் வரவில்லை. நானே இறங்கி, சக்கரத்துக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினேன். வண்டி ஏறிவிட்டது. தோளுக்குள் நூல் அறுந்தது மாதிரி ஏதோ ஒன்று சுருக்கென்றது. சுளுக்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் நாளாக நாளாகக் கை மேலே ஏறுவதே நின்றுபோயிற்று. தலைப்பாகை கட்ட முடியவில்லை. முதுகில் சோப்புப் போட முடியவில்லை. வலது பக்கம் திரும்பிப் படுத்தால் உயிர் போயிற்று. இடது கையால் மட்டும் லகானைப் பிடித்து ஓட்டிப் பார்த்தேன். நம் செவலைக் குதிரை அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போய், கோர்ட்டுக்குப் போக வேண்டிய வக்கீல் குமாஸ்தாவை ஒரு காய்கறிக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் இறங்கி நடந்தே போய்விட்டார். கத்தரிக்காய் தின்ற குதிரையைக் கடைக்காரரிடமிருந்து மீட்பது பெரும்பாடாகிவிட்டது.

ஊரிலேயே நோவுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன். நம் தெருவின் பேரைக் கேட்டதும் என்னை வாசலுக்கு வெளியிலேயே நிற்கவைத்தார். அங்கிருந்தபடியே தோளைப் பார்த்தார். ஒரு புட்டி எண்ணெயைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டு, எடுத்துப்போய் நீயே தேய்த்துக்கொள் என்றார். வலது தோளின் பின்பக்கத்தில் இடது கையால் ஒரு மனிதன் எவ்வளவு தேய்க்க முடியும்? உன் அம்மா தேய்த்தாள். ஆனால் நான் முகத்தைச் சுளித்தால் அவள் கை நின்றுவிடும். வலிக்கிறது என்று நான் சொல்லிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். சொன்னால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று எனக்குப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் எண்ணெய்தான் தீர்ந்தது.

அப்போதுதான் ஒரு நாள், குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "இன்னாயா, நாளைலேர்ந்து வண்டிய நான் ஓட்டறேன்."

"குதிரை இன்னா மாடாமே? நீ ஓட்டினது கரும்பு வண்டி" என்றேன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் அவள் பிறந்த வீட்டில், கல்யாணத்துக்கு முன்பு அவள்தான் அப்பாவோடு கரும்பு ஏற்றிப் போவாள்.

"அதுக்கும் நாலு காலுதான். நீ போயி தோளப் பாத்துக்கினு வா. இது கெடந்து பட்டினியில சாவணுமா?"

குதிரையைத்தான் சொன்னாள். நம் மூன்று பேரைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் காலை புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நான் பக்கத்திலேயே நடந்து போனேன். ஸ்டேஷன் வாசலில் மற்ற வண்டிக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் முனுசாமி. அவர் என்னிடம், "இன்னா நைனா இது, பொம்பள ஓட்டற வண்டியில எவன் ஏறுவான்?" என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். ரயில் வந்தது. ஆண்கள் எல்லாரும் வேறு வண்டிகளுக்குப் போனார்கள். கடைசியாக ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணும் அவளுடைய தாயாரும் வந்தார்கள். அந்தத் தாயார் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து உன் அம்மாவின் முன்னால் நின்றார். "மெதுவா ஓட்டுவியா கண்ணு?" என்று கேட்டார். "பச்சக் கொழந்தையத் தூக்கிக்கினு போற மாரி போறேம்மா" என்றாள் அவள். அப்படியே போனாள். அதன்பிறகு ஊருக்கு வருகிற பெண்கள், அந்த வண்டி போய்த் திரும்புகிறவரை ஸ்டேஷன் நிழலில் காத்திருந்து ஏற ஆரம்பித்தார்கள்.

நான் விழுப்புரத்துக்கு ரயில் ஏறினேன். அங்கே குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிய உன் சித்தப்பாதான் வழி சொன்னான். ஷெட்டுக்காரர்கள் எல்லாரும் ஓர் ஆளிடம்தான் போவார்களாம். காதர் பாய் என்று பேர், உஸ்தாத் என்று கூப்பிடுவார்கள். இளமையில் கோதாவில் இறங்கிக் குஸ்தி போட்டவர். பிறகு குஸ்திக்காரர்களுக்கு மாலிஷ் செய்யப் பழகி, அதையே தொழிலாக வைத்துக்கொண்டவர். ஓட்டு வீட்டின் முன்னறையில் ஓர் அகலமான பலகை, அதன்மேல் பாய், சுவரோரம் அடுப்பு, அதில் எண்ணெய்ச் சட்டி. நான் வாசலிலேயே நின்றேன். பழக்கம்தான். "அங்கியே நின்னுக்கினு இருந்தா ஒன் தோளு நடந்து உள்ள வருமா?" என்றார். உள்ளே போனேன். தெருப் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. "எங்க நோவுது, எப்பலேர்ந்து நோவுது, அத மட்டும் சொல்லு" என்றார்.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். வேலை தெரிந்தவர் எண்ணெயில் கையை வைப்பதற்கு முன்பு நிறையக் கேள்வி கேட்பார். எப்படி அடிபட்டது, ராத்திரி நோவு கூடுகிறதா, விரல் மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா, உடம்பில் புண் உண்டா, சாப்பிட்டாயா என்று கேட்பார். எதையும் மறைக்காதே. நான் போன அன்று எனக்கு முன்னால் ஒரு செட்டியார் காலைப் பிடித்துவிடச் சொல்லி வந்திருந்தார். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சிவந்து சுட்டது. உஸ்தாத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். "இது நம்ம வேல இல்லீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஜல்தியா போங்க" என்று அனுப்பிவிட்டார். எல்லாவற்றுக்கும் நானே போதும் என்கிறவரிடம் நீ போக வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதே. குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். ஒரு கிண்ணம் கேப்பைக் கூழ் குடித்துவிட்டு, அது இறங்கியபிறகு போ.

சட்டையைக் கழற்றுவதற்குத்தானே உனக்கு இவ்வளவு தயக்கம்? எனக்கும் அதுதான். கழற்றச் சொன்னதும் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பொத்தானைக்கூட என்னால் ஒழுங்காகக் கழற்ற முடியாது என்பதும் ஒரு காரணம். அவர் ஒரு சுத்தமான துண்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேட்டி இருக்கட்டும். தோளும் முதுகும் தெரிஞ்சா போதும். துண்டப் போத்திக்கோ" என்றார். அவ்வளவுதான். எந்த இடத்தில் வேலையோ அந்த இடம் மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் மூடியிருக்கும். தொடுவதற்கு முன்னால், இப்போது இங்கே கை வைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். உனக்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். எழுந்தே வந்துவிடலாம். யாரும் உன்னைக் கட்டிப்போட மாட்டார்கள்.

நோகிற தோளில் அவர் முதலில் கை வைக்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆச்சரியம். முதலில் எதிரே நிற்கவைத்து இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கை வானத்தைப் பார்த்தது. வலது கை இடுப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து நின்றது. பிறகு குப்புறப் படுக்கவைத்து, ஓமமும் பூண்டும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தன் உள்ளங்கையில் விட்டுச் சூடு பார்த்துக்கொண்டு, முதுகில் நீவ ஆரம்பித்தார். முதுகு, கழுத்து, பிறகு நல்ல தோள், அதற்கப்புறம்தான் இந்தத் தோள். முதலில் முழு உள்ளங்கையால் மெதுவாக, பிறகு கட்டைவிரலால் தேடித் தேடி. தோள்பட்டைக்குக் கீழே ஓர் இடத்தில் விரல் வந்து நின்றது. நான் பல்லைக் கடித்தேன். உடனே கை நின்றது.

"எதுக்கு மூச்சப் புடிச்சிக்கினு கீற?"

"நோவுது பாய்."

"நோவுதுன்னா வாயத் தொறந்து சொல்லு. நீ வீரன்னு காட்ட வந்தியா, கை தூக்க வந்தியா? தாங்கற நோவுன்னா இருக்கட்டும்னு சொல்லு. தாங்கலன்னா வேணாம்னு சொல்லு. எனக்கு கண்ணு கையிலதான் கீது, இருந்தாலும் ஒன் வாயும் வேணும்."

மகனே, இதைப்போல இதமாக ஒரு மனிதர் என் உடம்பைப் பற்றி என்னிடமே அதுவரை கேட்டதில்லை. வலியில் இரண்டு வகை உண்டு என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. ஒன்று, அழுத்தினால் 'ஆமாம், அங்கேதான்' என்று உள்ளே ஒருவன் சொல்வதுபோல இருக்கும். அது போகப்போகக் கரையும். இன்னொன்று ஊசி குத்துவதுபோல இருக்கும், இல்லையென்றால் கை வழியாக மின்னல்போல இறங்கும். அது வந்தால் உடனே சொல்லிவிடு. நடுவில் தூக்கம் வரலாம். வயிறு சத்தம் போடலாம். நான் குறட்டை விட்டேன் என்று உஸ்தாத் சொன்னார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது, வலி இல்லாதபோதே வந்தது. அவர் பார்த்தும் பார்க்காதவர்போல நீவிக்கொண்டிருந்தார். இதெல்லாம் அவர்கள் தினமும் பார்ப்பது. பேச வேண்டும் என்றும் இல்லை. பேசாமல் இருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முடிந்ததும் உடனே எழுந்திருக்காதே. தலை சுற்றும். அவர் சூடான துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கச் சொன்னார். பிறகு வெந்நீர் குடிக்கக் கொடுத்தார். அன்றைக்கு எதையும் தூக்கக் கூடாது, ரயிலில் ஜன்னலோரம் காற்று படும்படி உட்காரக் கூடாது, தினமும் சுவரில் விரலால் எறும்பு ஏறுவதுபோல மெல்ல மெல்ல ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் காலையில் முதுகெல்லாம் களை வெட்டினவன் முதுகுபோல நொந்தது. நான் பயந்துவிட்டேன். அது இரண்டொரு நாளில் போய்விடும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தது நல்லதாயிற்று. உனக்கும் அப்படி இருக்கும். ஒரே தடவையில் கை மேலே போய்விடும் என்றும் நம்பாதே. முதல் தடவை எனக்குக் கை ஏறியது ஒரு விரற்கடைதான். ஆனால் அன்று ராத்திரி நான் வலது பக்கம் படுத்துத் தூங்கினேன்.

இப்படி வாரா வாரம் விழுப்புரம் போய் வந்துகொண்டிருந்தபோதுதான் அந்தத் தொல்லை வந்தது. பெண் சவாரிகள் எல்லாம் நம் வண்டிக்கே போகின்றன என்று யாரோ லைசென்ஸ் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். முனுசாமி இல்லை, அவர் முகத்துக்கு நேரே பேசுகிறவர். ஆபீசிலிருந்து ஆள் வந்து என்னிடம், லைசென்ஸ் உன் பேரில் இருக்கிறது, நீ ஓட்டு, இல்லையென்றால் வண்டியை நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு உலகமே பேஜாராகிவிட்டது. அடுத்த முறை உஸ்தாதிடம் போனதும், "பாய், கருணையே பாக்காதீங்க. நல்லா அழுத்தி இன்னிக்கே கைய மேல ஏத்திடுங்க. நாளைக்கு நான் வண்டி ஓட்டணும்" என்றேன்.

அவர் எண்ணெய்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "நான் ஒரு அழுத்து அழுத்தினா கை மேல போவும். அப்பறம் ஒரு வருசம் கீழ தொங்கும். ஒனக்கு எது வேணும்?"

"பொண்டாட்டி ஓட்டக் கூடாதாம் பாய்."

"ஏன், வண்டிய கவுத்துட்டாளா?"

"இல்ல. நல்லாத்தான் ஓட்டறா."

"அப்ப லைசென்ஸு அவ பேருக்குக் கேளு. ஒன் தோளு ஏன் இதுல நடுவுல வருது? குப்புறப் படு."

அதுவரை அந்த யோசனையே எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அம்மா அதிகம் யோசிக்கவில்லை. மறுநாளே ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் திகைத்துப்போனார். "இதுவரைக்கும் பொம்பளைங்க யாரும் வந்து கேட்டதில்லையேம்மா" என்றார். "நான்தான் வந்துகீறேனே சார்" என்றாள் அவள். கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். இல்லை. கடைசியில், தானே வண்டியில் ஏறிக்கொள்வதாகவும், ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வழியாக ஏரிக்கரை வரை போய்த் திரும்ப வேண்டும் என்றும் சொன்னார்.

அது சந்தை நாள். வேண்டுமென்றே அந்த நாளைச் சொன்னாரா, தெரியாது. மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. நான் கூடப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டேஷன் வாசலில், வேலைக்கு ஆகாத கையோடு நின்றேன். முனுசாமி பக்கத்தில் வந்து நின்றார். போன வண்டி வெகுநேரம் வரவில்லை. எனக்கு அந்தக் காய்கறிக் கடைதான் நினைவுக்கு வந்தது. பிறகு தெருமுனையில் செவலையின் தலை தெரிந்தது. நிதானமான நடை. அதிகாரி உள்ளே சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார். உன் அம்மா வண்டியை நிறுத்தி, அவரை எழுப்பலாமா என்று என்னைச் சாடையில் கேட்டாள். முனுசாமிதான் முதலில் சிரித்தார். "கையெழுத்து போட்டுட்டான்யா" என்றார்.

லைசென்ஸ் வந்தது. அதன்பிறகு என் தோளுக்கும் அவசரம் இல்லாமல் போயிற்று. அது ஒரு காரணமோ என்னவோ, நன்றாகவே இளகிக் கொடுத்தது. மாசி போய்ப் பங்குனியில், மயிலம் தேருக்குக் கூட்டம் அலைமோதிய சமயத்தில், உஸ்தாத் என்னை நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். இரண்டு கையும் ஒன்றுபோல மேலே போயின. அவர் என் தோளை ஒரு தட்டுத் தட்டி, "இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார். நான் ரயிலேறித் திண்டிவனத்தில் இறங்கினேன். வாசலில் நம் வண்டி நின்றது. முன்னால் போய், பழைய பழக்கத்தில் ஓட்டுகிற இடத்தில் ஏறக் காலை வைத்தேன். உன் அம்மா நகரவில்லை.

"கை வந்துடுச்சா?"

தூக்கிக் காட்டினேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்பதை எழுத எனக்குத் தெரியாது. ஆனாலும் லகானை விடவில்லை. "சரி, பின்னாடி ஏறு. மத்தியான வண்டிக்கு நீ வா. காத்தால வண்டி என்னுது" என்றாள்.

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அத்தனை வருஷத்தில் என் வண்டியில் நான் சவாரியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வைக்கோல் மெத்தை எவ்வளவு மேடு பள்ளமாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டு, மறுநாள் பிரித்துப் புதிதாக அடைத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை காலை ரயிலுக்கு அவள், மத்தியான ரயிலுக்கு நான். உன்னைப் படிக்கவைத்ததும் கல்யாணம் செய்துவைத்ததும் அந்த இரண்டு ரயில்கள்தான். செவலைக்கு அப்புறம் இரண்டு குதிரைகள் மாறிவிட்டன. நாங்கள் சௌக்கியமாக இருக்கிறோம்.

உன் சட்டைப் பொத்தானை மருமகள் மாட்டுவது ஒரு குறைச்சல் என்று நினைக்காதே. அந்தப் பெண்ணிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், எந்தக் கோணத்தில் கை வலிக்கிறது என்று அவளிடம் சொல். மாலிஷ்காரர் கேட்கும்போது நீ மறந்ததை அவள் சொல்லுவாள். வெள்ளிக்கிழமை ஆலை விடுமுறை என்று உன் மாமனார் சொன்னார். அன்றைக்குப் போ. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் பாண்டிக்கு பஸ் ஏறுகிறோம். நீ மாலிஷுக்குப் போய் வந்தாய் என்று மருமகள் தன் வாயால் சொன்ன பிறகுதான் உன் வீட்டில் கை நனைப்பேன் என்று உன் அம்மா இப்போது பக்கத்தில் நின்று சொல்கிறாள். எனக்கு அப்படியொரு வைராக்கியம் கிடையாது. ஆனால் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் நானும் சாப்பிட முடியாது. பஸ்ஸில் வந்தால் எனக்குப் பசி அதிகம் என்பதும் உனக்குத் தெரியும்.

உன் அப்பா.